சாவியும் அமானிதமே



சென்ற ஆண்டு ரமழான் கழிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் ஹவ்ளு ஓரமாக நான் வந்துகொண்டிருந்தபோது நம் ஊர்ச் சகோதரர் ஒருவர் ஸலாம் கூறி என்னை நிறுத்தினார். வளைகுடா நாடொன்றில் பல ஆண்டுகளாகப் பணிபுரிபவர், விடுப்பில் வந்திருந்தார். வயதில் என்னைவிட மூத்தவர்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும். ரமழானில் மத்ரஸாவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பழைய வங்கிக் கணக்கில் தணிக்கை நடப்பதால் இந்த ஆண்டு ஜகாத்தைப் புதிய கணக்குக்கு அனுப்புமாறு எழுதியிருந்தது. ரூ.42,000 அனுப்பினேன். ரசீது வரவில்லையே என்று நேரில் வந்து கேட்டால், அப்படியொரு கடிதமே நாங்கள் எழுதவில்லை என்கிறார்கள். என் ஜகாத் நிறைவேறியதா, இல்லையா? அந்தப் பணத்துக்கு யார் பொறுப்பு?"

முதல் கேள்விக்குக் கிதாபில் பதில் உண்டு. இரண்டாவது கேள்விதான் என் நெஞ்சில் தைத்தது. ஏனெனில் மத்ரஸாவின் மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கியவன் நான். அதற்குக் கடவுச்சொல் அமைத்தவனும் நான். மத்ரஸாவின் பெயரையும் அது தொடங்கப்பட்ட ஆண்டையும் சேர்த்து ஒரு கடவுச்சொல்! அதையே நான் நூல் வாங்கும் இணையக் கடை ஒன்றிலும் போட்டு வைத்திருந்தேன். போதாக்குறைக்கு, நான் இல்லாத நேரத்தில் பிறருக்கு உதவுமே என்று ஒரு காகிதத்தில் எழுதி அலுவலக மேசையின் மேல் ஒட்டியும் வைத்திருந்தேன். திருடன் எந்த வழியாக உள்ளே வந்தான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவன் வருவதற்கு மூன்று வழிகளை நானே திறந்து வைத்திருந்தேன் என்பது மட்டும் தெரியும்.

உள்ளே வந்தவன் அவசரப்படவில்லை. பழைய கடிதங்களைப் படித்திருக்கிறான். நாங்கள் ஸலாம் எழுதும் முறை, துஆ எழுதி முடிக்கும் முறை, யார் யார் ஆண்டுதோறும் ஜகாத் அனுப்புகிறார்கள் என்பதையெல்லாம் கற்றிருக்கிறான். பிறகு, வரும் பதில்கள் தன் முகவரிக்குப் போய்விட்டு எங்கள் பெட்டியிலிருந்து தாமாகவே அழிந்துவிடுமாறு ஓர் ஏற்பாட்டையும் கணக்குக்குள்ளேயே செய்து வைத்திருக்கிறான். ஆகவே எங்கள் பெயரால் கடிதங்கள் போனதும் தெரியவில்லை. பதில்கள் வந்ததும் தெரியவில்லை.

அன்று இரவு என்னை வாட்டிய கேள்வி இதுதான்: திருடியவன் பாவி, அதில் ஐயமில்லை. ஆனால் தன் கதவைச் சரியாகப் பூட்டாதவன் வெறும் ஏமாளிதானா? அல்லது அவனும் ஒரு குற்றம் செய்தவனா?

பெட்டி யாருடையது?

"என் மின்னஞ்சல்தானே! அதில் என்ன இருக்கிறது? போனால் போகட்டும்" என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். அவர்கள் ஒரு நிமிடம் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

பெட்டி உங்களுடையதுதான். உள்ளே இருப்பவை எல்லாம் உங்களுடையவையா? மனைவியின் மருத்துவச் சான்று இருக்கிறது. மகளின் திருமணத்துக்காக வந்த பயோடேட்டாவும் புகைப்படமும் இருக்கின்றன. சகோதரருடைய பாஸ்போர்ட், விசா நகல்கள் இருக்கின்றன. கடன் கேட்டு நண்பர் எழுதிய கடிதம் இருக்கிறது. தம் வறுமையை உங்கள் ஒருவரிடம்தான் அவர் திறந்து சொல்லியிருப்பார். ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, யாரும் கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பாரேயானால் அச்செய்தி அமானிதமாகிவிடுகிறது என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை (அபூதாவூத், திர்மிதீ). திரும்பிப் பார்த்த ஒரு பார்வையே ஒரு பேச்சை அமானிதமாக்கும் என்றால், உங்கள் ஒருவருக்கென்று முகவரியிட்டு அனுப்பிய கடிதத்தின் நிலை என்ன? அமானிதங்களை அவற்றுக்குரியோரிடம் சேர்ப்பிக்குமாறு அல்லாஹுத் தஆலா கட்டளையிடுகிறான் (4:58). சேர்ப்பிக்கும்வரை காப்பாற்றுவதும் அக்கட்டளைக்குள் அடங்கியதே.

இன்னொன்றும் உண்டு. மின்னஞ்சல் கணக்கு என்பது மற்றக் கணக்குகளுக்கெல்லாம் தாய்க் கணக்கு. வேறெங்கோ கடவுச்சொல் மறந்துபோனால், புதிதாக அமைத்துக்கொள்வதற்கான வழி இந்த மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. வீட்டிலுள்ள எல்லா அறைகளின் சாவிகளையும் மாட்டி வைத்த ஆணியைப் போன்றது அது. அந்த ஓர் ஆணி திருடன் கைக்கு எட்டிவிட்டால், மற்ற அறைகளை அவன் உடைக்க வேண்டியதில்லை, திறந்துகொண்டே போகலாம். அது மட்டுமா? உங்கள் பெயரும் அவன் கைக்குப் போய்விடுகிறது. உங்கள் மீது பிறர் வைத்த நம்பிக்கையை எடுத்து, அவர்களையே அவன் வெட்டுகிறான். அந்த வளைகுடாச் சகோதரர் திருடனை நம்பவில்லை, எங்களை நம்பினார். அதனால்தான் ஏமாந்தார்.

முத்திரை தரும் படிப்பினை

இது புதிய காலத்துப் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். சாதனம் புதிது; சங்கதி பழையது.

ரோமாபுரி அரசருக்கு அண்ணலார் (ஸல்) அவர்கள் கடிதம் எழுத நாடியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் படிப்பதில்லை என்று கூறப்பட்டது. உடனே வெள்ளியில் ஒரு மோதிரம் செய்து, அதில் 'முஹம்மத் ரஸூலுல்லாஹ்' என்று பொறிக்கச் செய்தார்கள். அத்துடன் நிற்கவில்லை. தம் மோதிரத்தில் உள்ள அதே வாசகத்தை வேறு எவரும் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்றும் தடை விதித்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). அழகுக்காக அணியும் மோதிரமாக இருந்தால் இப்படியொரு தடை எதற்கு? இன்னார்தாம் இதை அனுப்பினார் என்பதற்கு அது சாட்சி. சாட்சி இரண்டு கைகளில் இருந்தால் அது சாட்சியாகாது. அந்த மோதிரத்தைப் பாதுகாக்கும் பொறுப்பு முஐகீப் (ரலி) அவர்களிடம் இருந்தது என்றும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன.

பின்னர் உஸ்மான் (ரலி) அவர்களின் கிலாஃபத்தில், அரீஸ் என்ற கிணற்றில் அம்மோதிரம் தவறி விழுந்தது. மூன்று நாட்கள் தேடியும் கிடைக்கவில்லை என்று புகாரீயில் வருகிறது. அதே உஸ்மான் (ரலி) அவர்களின் இறுதி நாட்களில் நடந்ததை வரலாற்று நூல்களில் படிக்கும்போது நெஞ்சு நடுங்குகிறது. எகிப்துக்குத் திரும்பிச் சென்றுகொண்டிருந்த கூட்டத்தார் வழியில் ஒரு தூதனைப் பிடித்தார்கள். அவனிடம் அவர்களைத் தண்டிக்கச் சொல்லும் ஒரு கடிதம் இருந்தது. அதில் கலீஃபாவின் முத்திரை இருந்தது. தாம் அதை எழுதவுமில்லை, எழுதச் சொல்லவுமில்லை, அதைப்பற்றி அறியவுமில்லை என்று உஸ்மான் (ரலி) அவர்கள் சத்தியம் செய்தார்கள். ஆனால் முத்திரையைக் கண்டவர்கள் மனிதரை நம்பவில்லை. முற்றுகை தொடர்ந்தது, ஹிஜ்ரி 35-ஆம் ஆண்டில் அந்த உத்தமர் ஷஹீதாக்கப்பட்டார்கள். ஒருவருடைய அடையாளத்தைப் பிறர் கையாண்டால் எவ்வளவு பெரிய ஃபித்னா விளையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு முத்திரை மோதிரம் இருக்கிறது. அதன் பெயர்தான் கடவுச்சொல். அதை நாம் கிணற்றடியில் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போகிறோம்!

'ஹிர்ஸ்' என்னும் அளவுகோல்

மத்ரஸாக்களில் வதீஆ பாடம் ஓதியவர்கள் 'ஹிர்ஸ்' என்ற சொல்லை அறிவார்கள். ஒரு பொருளைப் பத்திரப்படுத்தும் தகுந்த இடத்திற்கு அப்பெயர். உங்களிடம் ஒருவர் ஒரு பொருளை ஒப்படைத்துச் செல்கிறார். உங்கள் குறை ஏதுமின்றி அது அழிந்துவிட்டால் நீங்கள் ஈடுகட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொருளுக்குரிய ஹிர்ஸில் வைக்காமல் போட்டு வைத்திருந்தீர்களானால் நீங்களே பொறுப்பாளி. ஆட்டுக்குப் பட்டி ஹிர்ஸ். தங்கத்துக்குப் பட்டி ஹிர்ஸ் ஆகாது, பூட்டிய பெட்டகம் வேண்டும். எந்தப் பொருளுக்கு எது ஹிர்ஸ் என்று மார்க்கம் பட்டியல் தரவில்லை. அந்தந்தக் காலத்து மக்களின் 'உர்ஃபு' என்னும் நடைமுறைக்கு விட்டுவிட்டது. என்ன அற்புதமான சட்டம்! காலம் மாறினாலும் அளவுகோல் தேயவில்லை.

அப்படியானால் இந்தக் காலத்தில் மின்னஞ்சலுக்கு ஹிர்ஸ் எது? அறிந்தோரிடம் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டதை, உலகறிந்த மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு சொல்கிறேன்.

முதலாவது: ஊகிக்க முடிந்த சாவி. 2008 செப்டம்பரில், அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவன் நுழைந்தான். எந்தப் பூட்டையும் அவன் உடைக்கவில்லை. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று சொன்னான். பிறந்த நாள், அஞ்சல் குறியீட்டு எண், கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகியவற்றைக் கணக்கு கேட்டது. எல்லாமே வெளியில் கிடைக்கும் செய்திகள், தேடி எடுத்துக் கொடுத்தான், கதவு திறந்தது. 2010-இல் அவனுக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறைத் தண்டனை கிடைத்தது. ஊரே அறிந்த செய்தி சாவி ஆகாது என்பதுதான் இதில் பாடம். நம்மவர் வீடுகளில் 786, பிள்ளையின் பெயர், திருமண நாள், செல்போன் எண் ஆகியவைதாம் கடவுச்சொற்கள். நம்மை அறிந்த எவனும் முதலில் முயல்வது இவற்றைத்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக அமைப்பது நல்லது. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியில், விசித்திர எழுத்துகளைவிட நீளமே முக்கியம் என்றது. காரணமின்றி அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டியதில்லை என்றும் கூறியது. இரகசியக் கேள்விக்கு உண்மையான பதிலையே எழுதியாக வேண்டும் என்பதில்லை. அது யாருக்கும் சொல்லும் சாட்சியமன்று; நீங்கள் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் இன்னொரு சாவி.

இரண்டாவது: எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. 2012-இல் லிங்க்டுஇன் என்ற தளத்திலிருந்து பெருவாரியான கடவுச்சொற்கள் களவு போயின. அதே ஆண்டில், கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் நிறுவனம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. வேறு தளங்களில் களவு போன கடவுச்சொற்களைக் கொண்டு தன் பயனர் சிலருடைய கணக்குகளில் திருடர் புகுந்தனர்; அவ்வகையில் தன் ஊழியர் ஒருவரின் கணக்கிலும் நுழைந்தனர்; அங்கே பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகள் அடங்கிய ஆவணம் இருந்தது என்று அது அறிவித்தது. ஒருவர் சோம்பலால் ஒரே சாவியை இரண்டு பூட்டுக்குப் போட்டார். அவரை முன்பின் அறியாத மக்களின் முகவரிகள் வெளியேறின. அமானிதம் எப்படி மீறப்படுகிறது பாருங்கள்! யாஹூவிலோ 2013-இல் நடந்த ஒரே களவில் அதன் முந்நூறு கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டன என்று 2017-இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே உங்கள் தவறு ஏதுமின்றியே ஒரு கடவுச்சொல் வெளியேறலாம். அது அந்த ஒரு கதவை மட்டும் திறக்க வேண்டும். மற்றக் கதவுகளைத் திறக்கக் கூடாது. அத்தனையையும் எப்படி நினைவில் வைப்பது என்று கேட்பீர்கள். கடவுச்சொற்களைப் பூட்டி வைப்பதற்கென்றே நம்பகமான செயலிகள் இருக்கின்றன. அவை கைவராத பெரியவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பீரோவில் நகைப் பெட்டியோடு வைத்துப் பூட்டட்டும். தொலைதூரத்துத் திருடனுக்கு உங்கள் பீரோ எட்டாது. மேசையில் ஒட்டுவதுதான் என்னைப் போன்ற அறிவீனம்.

மூன்றாவது: நாமே எடுத்துக் கொடுக்கும் சாவி. 2016 மார்ச்சில், ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரக் குழுத் தலைவரான ஜான் பொடெஸ்டாவுக்குக் கூகுள் நிறுவனம் அனுப்பியதுபோல் ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் கடவுச்சொல் யாரிடமோ சிக்கிவிட்டது, உடனே மாற்றுங்கள் என்றது. குழுவினர் தொழில்நுட்பம் அறிந்த ஒருவரிடம் விசாரிக்கவும் செய்தார்கள். அவர் 'இது உண்மையான கடிதம்' என்று எழுதிவிட்டார். 'உண்மையல்லாதது' என்று எழுத நினைத்து ஒரு சொல்லில் தவறிவிட்டேன் என்று பின்னர் விளக்கினார். கூகுளின் மெய்யான முகவரியையும் அதே பதிலில் அவர் கொடுத்திருந்தார். ஆனால் அழுத்தப்பட்டதோ போலிக் கடிதத்திலிருந்த சுட்டி. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் களவாடப்பட்டன. அக்டோபரில் அவை உலகறிய வெளியாயின. 2018-இல் இதற்காக ரஷ்ய இராணுவ உளவுத்துறையினர் மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது.

தீயவன் ஒரு செய்தியுடன் வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளுங்கள்; அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த வேண்டியிருக்கும் என்று திருமறை எச்சரிக்கிறது (49:6). இந்த ஆயத்தை ஓதாதவர் நம்மில் யார்? ஆயினும் 'உடனே', 'இன்றே கடைசி', 'இல்லையேல் கணக்கு மூடப்படும்' என்று ஒரு கடிதம் வந்தால் விசாரணையை மறந்து விரல் ஓடுகிறது. கடிதத்தில் வந்த சுட்டியை அழுத்தாமல், அந்த நிறுவனத்தின் முகவரியை நாமே தட்டெழுதிச் சென்று பார்ப்பதுதான் விசாரணை. பணம் கேட்டு வந்த கடிதமானால், ஏற்கெனவே நம்மிடம் உள்ள எண்ணில் அவரை அழைத்து அவர் குரலைக் கேட்பதுதான் விசாரணை.

இவற்றோடு இரண்டாவது பூட்டு ஒன்றையும் போட்டு வையுங்கள். கடவுச்சொல்லுக்குப் பின் செல்போனிலும் ஒப்புதல் கேட்கும் ஏற்பாடு அது. மின்னஞ்சலின் அமைப்புகளில் அதற்கு இடமுண்டு. செல்போனுக்கு வரும் ஓடிபி எண்ணை வங்கி அதிகாரி என்று சொல்பவன் கேட்டாலும், காவல்துறை என்று சொல்பவன் கேட்டாலும் சொல்லாதீர்கள். உங்கள் எண்ணில் வேறு சிம் கார்டு வாங்கி அந்த எண்ணைக் களவாடுவோரும் உண்டு. ஆதலால் குறுஞ்செய்தியைவிட அதற்கென்றுள்ள செயலி உறுதியானது. வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அங்கே விட்டுவந்த செல்போன் எண் சில காலத்தில் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிடும். மின்னஞ்சலை மீட்பதற்கான எண்ணாக இன்னும் அதுவே இருந்தால், உங்கள் வீட்டுச் சாவி ஓர் அந்நியரின் பாக்கெட்டில் இருக்கிறது என்று பொருள்.

"அல்லாஹ் காப்பான்" என்று சொல்வதன் பொருள்

"எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான், ஹஜ்ரத். நம்மிடம் என்ன இருக்கிறது திருட?" என்பார் சிலர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற நபிமொழியை (திர்மிதீ) நாம் அனைவரும் அறிவோம்; விரித்துரைக்கத் தேவையில்லை. இங்கே யஃகூப் (அலை) அவர்களை மட்டும் நினைவூட்டுகிறேன். எகிப்துக்குச் சென்ற தம் மக்களிடம், ஒரே வாசலால் நுழையாமல் வெவ்வேறு வாசல்களால் நுழையுமாறு சொன்னார்கள். அதே மூச்சில், அல்லாஹ்விடமிருந்து வருவதைத் தம்மால் சிறிதும் தடுக்க முடியாது, அவன் மீதே தவக்குல் வைத்தேன் என்றும் சொன்னார்கள் (12:67). கண்ணேறுக்கு அஞ்சியே அவ்வாறு சொன்னார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் பலரும் விளக்கம் தருகிறார்கள். காரணம் எதுவாயினும், முன்னெச்சரிக்கையும் தவக்குலும் ஒரு நபியின் ஒரே வாக்கியத்தில் கைகோத்து நிற்பதைக் கவனியுங்கள். காவலைக் கைவிட்டுவிட்டு அதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவது சோம்பலுக்குத் தொப்பி மாட்டுவதுதான்.

வீட்டுக்குள்ளேயே ஒரு திருட்டு

வெளித் திருடனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் போதாது. நம் வீடுகளுக்குள் நடப்பதையும் சொல்லியாக வேண்டும்.

மனைவியின் மின்னஞ்சலை அவள் அறியாமல் திறந்து படிக்கும் கணவர், கணவரின் செல்போனை அவர் தூங்கும்போது அவர் விரலாலேயே திறக்கும் மனைவி, அண்ணனின் கடவுச்சொல்லைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்து வைத்துக்கொள்ளும் தம்பி ஆகியோர் தம்மைத் திருடர் என்று நினைப்பதில்லை. நபி (ஸல்) அவர்களின் இல்லத்துக் கதவின் ஓட்டை வழியாக ஒருவர் உள்ளே பார்த்தார். அண்ணலார் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்து, அனுமதி கேட்கும் முறை ஏற்படுத்தப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்று உணர்த்தினார்கள் (புகாரீ, முஸ்லிம்). கால் நுழைந்தால்தான் அத்துமீறல் என்பதில்லை. கண் நுழைந்தாலும் அத்துமீறல்தான். சகோதரனின் கடிதத்தை அனுமதியின்றிப் பார்ப்பவன் நெருப்பைப் பார்ப்பவன் போன்றவன் என்ற கருத்தில் அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை வல்லுநர் கூறுகின்றனர். ஆயினும் துருவித் துருவி ஆராயாதீர்கள் என்ற அருள்மறையின் கட்டளை (49:12) நமக்குப் போதும். சிறு பிள்ளைகளைக் கண்காணிப்பது பெற்றோரின் கடமை. அதை அவர்களிடம் சொல்லிவிட்டு, வெளிப்படையாகச் செய்யலாமே!

பிரவுசிங் சென்டர் விஷயத்தையும் கூறுகிறேன். பாஸ்போர்ட்டுக்கோ, ஹஜ் விண்ணப்பத்துக்கோ, பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்கோ போகிறோம். மின்னஞ்சல் இல்லை என்றால் அங்குள்ள தம்பியே ஒன்று தொடங்கித் தருகிறார். கடவுச்சொல்லையும் அவரே போடுகிறார். சில நேரம் மீட்பதற்கான எண்ணாகத் தம் எண்ணையே கொடுத்துவிடுகிறார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். உங்கள் தாயாரின் ஆதார், பாஸ்போர்ட், வங்கிச் செய்திகள் எல்லாம் யாரோ ஒருவரின் கையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கலாமா? வீட்டுக்கு வந்தவுடன் கடவுச்சொல்லையும் எண்ணையும் மாற்றிவிடுங்கள். அவரைச் சந்தேகிப்பதாகாது, அவரை ஒரு சோதனையிலிருந்து காப்பதாகும்.

பொறுப்பு யாருடையது?

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருகிறேன். மறுநாளே என் உஸ்தாதைச் சென்று கண்டேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன், மேசையில் ஒட்டிய காகிதம் உட்பட.

உஸ்தாத் அவர்கள் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்கள்: "அவருடைய ஜகாத் உரியவர்களைச் சென்றடையவில்லை. அதனால் கடமை நீங்கவில்லை. மீண்டும் கொடுக்க வேண்டும். அவருடைய நிய்யத்தின் கூலியை அல்லாஹ் வீணாக்க மாட்டான். பணத்துக்குப் பொறுப்பாளி திருடன். நேரடியாகக் கேடு செய்தவன் ஒருவன் இருக்கும்போது, அதற்குக் காரணமாக அமைந்தவன் மீது சட்டத்தில் ஈடு வராது. அந்தப் பணமும் உன்னிடம் ஒப்படைக்கப்பட்டதன்று."

நான் பெருமூச்சு விட்டேன். அவர்கள் என்னை விடவில்லை.

"ஆனால் மகனே, பணம்தான் உன்னிடம் ஒப்படைக்கப்படவில்லை. மத்ரஸாவின் பெயர் உன்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதை நீ ஹிர்ஸில் வைத்தாயா? வதீஆ பாடம் நடத்துகிறவன் நீ!"

எனக்குப் பதில் இல்லை. சட்டத்தில் ஈடு வராது என்பதும், குற்றமே இல்லை என்பதும் ஒன்றல்ல என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. காஜியின் தீர்ப்பு எல்லைக்குட்பட்டது. அல்லாஹ்வின் விசாரணை அப்படியன்று. அதேவேளை, என் கவனக்குறைவால் திருடனின் பாவம் ஓர் அணுவும் குறையவில்லை. ஹிர்ஸில் இல்லாத பொருளை எடுத்தவனுக்கு ஹத்துத் தண்டனை வேண்டுமானால் நீங்கலாம், எடுத்தது ஹலாலாகிவிடாது. ஆகவே ஏமாந்தவரைப் பார்த்து "நீ ஏன் கவனமாக இல்லை?" என்று கேலி செய்வது நமக்கு அழகன்று. அக்கேள்வியைத் தன்னிடம் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். பிறரிடம் கேட்கக் கூடாது.

அந்தச் சகோதரர் முகம் சுளிக்காமல் மீண்டும் ஜகாத்தைக் கொடுத்தார். என் பங்காக ஒரு தொகையை மாதந்தோறும் நான் சேர்க்க முன்வந்தபோது, வேண்டாம் என்றார். வற்புறுத்தியபின் அதை மத்ரஸா மாணவர்களின் உணவுக்குச் செலுத்துமாறு கூறினார். செலுத்தி வருகிறேன். ஈடாக அல்ல; மறந்துவிடாமல் இருப்பதற்காக.

ஒரே பொந்தில் முஃமின் இருமுறை கொட்டுப்படுவதில்லை (புகாரீ, முஸ்லிம்) என்பதற்கேற்ப, அன்றே கணக்கை மீட்டுக் கடவுச்சொல்லை மாற்றினோம். திறந்திருந்த எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றினோம். பதில்களைத் திருப்பிவிடும் ஏற்பாட்டைத் தேடி நீக்கினோம். கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு இதை மறந்தால் திருடன் தொடர்ந்து படித்துக்கொண்டே இருப்பான். மீட்பு எண்ணைச் சரிபார்த்தோம். நன்கொடையாளர் அனைவருக்கும், வெட்கத்தைப் பாராமல், நடந்ததை எழுதினோம். மறைத்திருந்தால் இன்னும் ஒருவர் ஏமாந்திருப்பார். காவல்துறையிலும் புகார் கொடுத்தோம். பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நேரம் கடக்கக் கடக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும். எங்களுக்கு அது தெரிந்தபோது வாரங்கள் ஓடிவிட்டிருந்தன.

அன்பர்களே! இந்த இதழைக் கீழே வைக்கும் முன் உங்கள் வீட்டாரை அழைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் சாவிகள் எங்கே இருக்கின்றன?" வாசற்கதவின் சாவியைப் பற்றிக் கேட்டால் உடனே பதில் வரும். அடுத்த சாவியைப் பற்றியும் கேளுங்கள். இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் போதும். அதில் காக்கப்படுவது உங்கள் பொருள் மட்டுமல்ல; உங்களை நம்பி எழுதியவர்களின் மானமும்தான்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணிக் காப்பவர்களாகவும், பிறருடைய மறைவுகளில் கண் நுழைக்காதவர்களாகவும் வல்ல நாயன் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.